சிவப்பு விளக்கில் தானாக அணையும் இன்ஜின்: அந்த வசதியை ஒரேயடியாக எடுத்துவிடலாமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இதுதான். கார் வாங்கி இரண்டு ஆண்டு ஆகிறது. சிங்கப்பூரில் புக்கிட் பாத்தோக்கிலிருந்து தினமும் நகருக்குள் போய் வருகிறீர்கள். ஸ்டார்ட்-ஸ்டாப் என்ற வசதியால் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் இன்ஜின் அணைகிறது, ஏர்கான் காற்று வெதுவெதுப்பாகிறது, மறுபடி ஸ்டார்ட் ஆகும்போது வரும் உலுக்கல் பின்னால் உட்காரும் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதை நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் அன்றைக்குச் சரி, மறுநாள் காலையில் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். கார் விற்ற ஏஜண்ட், நிரந்தரமாக எடுக்க முடியாது என்கிறார். ஒரு கடைக்காரர் 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தால் கோடிங் செய்து, அதாவது காரின் மென்பொருள் அமைப்பை மாற்றி, எடுத்துவிடுவதாகச் சொல்கிறார். கூட வேலை பார்க்கும் நண்பரோ, பானட்டைத் திறந்து ஒரு வயரைப் பிடுங்கினால் போதும் என்கிறார். எப்படி நிறுத்துவது என்று கேட்டிருந்தாலும், உண்மையில் நீங்கள் கேட்பது வேறு இரண்டு கேள்விகள் என்று படுகிறது. இது என் இன்ஜினைத் தேய்க்கிறதா? இதை எடுத்துவிட்டால் பின்னால் எனக்கு வேறு தலைவலி வருமா?

நான் ஐடிஇ தொழிற்கல்விக் கழகத்தில் வாகனத் தொழில் படித்துவிட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக காக்கி புக்கிட் பக்கம் பட்டறை வேலை பார்ப்பவன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொத்தானை எத்தனை முறை வேண்டுமானாலும் அழுத்துங்கள், காருக்கு ஒன்றும் ஆகாது. கோடிங் செய்வதும் செய்யாததும் உங்கள் இஷ்டம், ஆனால் அதில் சில நிபந்தனைகள் இருக்கின்றன. வயரைப் பிடுங்காதீர்கள். இந்த மூன்றில் எதைச் செய்தாலும் பேட்டரி விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். நீங்கள் காரின் பெயரையோ மாடலையோ சொல்லவில்லை. ஆகவே நான் சொல்வது பொதுவானது. ஒரே கம்பெனியின் இரண்டு கார்களிலேயே இந்த வசதி வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

உங்கள் கார் ஹைபிரிட் என்றால் இதை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். டொயோட்டா ஹைபிரிட் போன்ற வண்டிகளில் இன்ஜின் நிற்பதும் ஓடுவதும் அந்த வண்டியின் அடிப்படை வேலை. அதை எழுப்புவது வழக்கமான ஸ்டார்ட்டர் அல்ல, பெரிய மின்மோட்டார். ஏர்கானும் மின்சாரத்தில் ஓடுவதால் காற்று சூடாகாது. அதை எடுக்கவும் முடியாது, எடுக்க வேண்டிய தேவையும் இல்லை. நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் உங்களுடையது சாதாரண பெட்ரோல் கார்தான், 12 வோல்ட் பேட்டரியோடு.

பொத்தான் ஏன் நினைவு வைத்துக்கொள்வதில்லை என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டிருக்கிறீர்கள். அது மறதி இல்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். காரின் எரிபொருள் செலவையும் கரியமில வாயுவையும் ஆய்வகத்தில் உருளைமேல் ஓட்டி அளக்கிறார்கள். முன்பு என்இடிசி என்ற முறை இருந்தது. அதில் சோதனை நேரத்தில் ஏறக்குறைய கால்வாசி வண்டி சும்மா நிற்கும். இப்போதைய டபிள்யூஎல்டிபி முறையில் அது 13 விழுக்காடு போல. நிற்கும் நேரத்தில் இன்ஜின் ஓடாவிட்டால் எண் அழகாக வரும். டபிள்யூஎல்டிபி விதிகளில் ஒரு நுணுக்கம் உண்டு. முந்தைய முறை ஓட்டுநர் எதைத் தேர்ந்தெடுத்திருந்தாலும், காரை ஸ்டார்ட் செய்ததும் எப்போதும் எந்த நிலைக்கு அது திரும்புகிறதோ அந்த நிலையைத்தான் பிரதானமானதாக எடுத்துக்கொண்டு அதில் அளப்பார்கள். பொத்தான் நினைவு வைத்துக்கொள்ளும்படி செய்தால் கார் கம்பெனிக்கு அந்தச் சலுகை போய்விடும். நம் ஊரில் 2013 முதல் கரியமில வாயு அளவையும், 2018 தொடக்கம் விஇஎஸ் என்ற வாகனப் புகைத் திட்டத்தில் மற்ற மாசுகளையும் சேர்த்துப் பார்த்துத்தான் தள்ளுபடியோ கூடுதல் கட்டணமோ போடுகிறார்கள். ஆக நீங்கள் தினமும் காலையில் அழுத்தும் அந்தப் பொத்தானுக்கும் கார் வாங்கியபோது கொடுத்த விலைக்கும் சம்பந்தம் உண்டு. ஏஜண்ட் ‘முடியாது’ என்றதற்கு ‘எங்களால் செய்து தர முடியாது’ என்று பொருள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின் தேயுமா என்ற பயத்துக்கு வருவோம். இது நியாயமான பயம்தான், ஏனென்றால் பழைய கார்களுக்கு அது முழு உண்மை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு நாற்பது முறை அணைந்து எழுந்தால், ஆண்டுக்கு முந்நூறு நாள் என்று வைத்தாலும் 12,000 முறை. சிஓஇ என்ற வாகன உரிமைச் சான்றிதழ் முடியும் பத்து ஆண்டில் 1,20,000 முறை. சாதாரண ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுமார் 30,000 முதல் 50,000 ஸ்டார்ட்டுக்குத்தான் கணக்கிட்டுச் செய்வார்கள். அது மூன்று, நான்கு ஆண்டிலேயே படுத்துவிடும். அதனால்தான் ஸ்டார்ட்-ஸ்டாப் கார்களில் போடுவது வேறு ஸ்டார்ட்டர். இரண்டு மூன்று லட்சம் முறை தாங்குகிற மாதிரி பிரஷ், பற்சக்கரம், சொலினாய்டு எல்லாவற்றையும் கெட்டியாகச் செய்திருப்பார்கள். கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்குகளும் அப்படியே. இன்ஜின் சுழலும்போது தண்டு எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கிறது. நின்றால் உலோகத்தின்மேல் உட்கார்ந்துவிடும். அடிக்கடி நின்று எழுவதற்காகவே மேலே தனிப் பூச்சு பூசிய பேரிங்குகள் வந்திருக்கின்றன. மாஸ்டாவின் ஐ-ஸ்டாப் இன்னொரு வழியில் போனது. 2009இல் வந்த அந்த முறையில், பிஸ்டன்களைச் சரியான இடத்தில் நிற்க வைத்து, சிலிண்டருக்குள் பெட்ரோலைத் தெளித்துக் கொளுத்தி, அந்த வெடிப்பின் வேகத்திலேயே இன்ஜினை எழுப்புவார்கள். ஸ்டார்ட்டர் கொஞ்சம்தான் கைகொடுக்கும்.

இதெல்லாம் காகிதத்தில் இருப்பது. பட்டறையில் என்ன பார்த்தேன் என்றால், ஸ்டார்ட்-ஸ்டாப் காரணமாகத்தான் தேய்ந்தது என்று உறுதியாகக் கைகாட்டக்கூடிய ஒரு பேரிங்கையும் நான் கழற்றியதில்லை. அது நடக்காது என்பதற்கு இதுவே ஆதாரமில்லை. ஒரு பட்டறைக்கு வரும் கார்கள் ஊர் முழுவதற்கும் சாட்சி ஆகாது. காலையில் குளிர்ந்த இன்ஜினை எழுப்பும்போது வரும் தேய்மானமும், சூடான எண்ணெய் எங்கும் பரவியிருக்கும்போது பத்து நொடியில் மறுபடி எழுப்புவதும் ஒன்றல்ல என்பது மட்டும் நிச்சயம். இன்ஜின் போதுமான சூடு ஏறாமல் கார் தானாக அணையவே அணையாது. இரவெல்லாம் நின்ற காரைக் கார்நிறுத்துமிடத்திலிருந்து எடுத்ததும் முதல் இரண்டு மூன்று விளக்குகளில் அது ஓடிக்கொண்டே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். டர்போ பற்றியும் சிலர் கவலைப்படுவார்கள். விரைவுச்சாலையில் நன்றாக மிதித்து வந்தபின் டர்போ கொதித்துக்கொண்டிருந்தால், பெரும்பாலான கார்கள் அணைவதைத் தள்ளிப்போடும், அல்லது இன்ஜின் நின்றபின்னும் ஒரு சின்ன மின் பம்ப் தண்ணீரை ஓட்டிக்கொண்டிருக்கும்.

ஏர்கான் விஷயத்தில் உங்கள் புகார் நூற்றுக்கு நூறு சரி. இந்த வசதியை யோசித்தவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள் என்பது நம் வெயிலில் நன்றாகத் தெரியும். சாதாரண பெட்ரோல் காரில் ஏர்கான் கம்ப்ரசரை இன்ஜின்தான் பெல்ட் போட்டுச் சுற்றுகிறது. இன்ஜின் நின்றால் கம்ப்ரசரும் நிற்கும், விசிறி மட்டும் ஓடும். முதல் இருபது, முப்பது நொடி குளிர்ச்சி தாக்குப்பிடிக்கும், அப்புறம் காற்றில் ஓர் ஈர வாடை வரும். உள்ளே சூடு ஒரு அளவைத் தாண்டினால் கார் தானே எழுந்துவிடும். அதனால் ஏர்கானை 18 டிகிரியிலோ அதற்கும் கீழேயோ வைத்திருந்தால் பல கார்கள் அணைவதே இல்லை. நம்மூரில் மதிய வெயிலில் திறந்த வெளியில் நிறுத்தி எடுத்த காரில் முதல் கால் மணி நேரம் ஸ்டார்ட்-ஸ்டாப் பேச்சுக்கே இடமில்லை. ஏர்கானை இப்படிக் குறைத்து வைப்பது பலருக்குத் தெரியாத சின்ன வழி. முன்கண்ணாடிப் பனியை எடுக்கும் பொத்தானை அழுத்தினாலும் பெரும்பாலான கார்களில் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும்.

அம்மாவுக்குத் தொந்தரவு தரும் அந்த உலுக்கலைக் கால் பழக்கத்தாலேயே பாதி குறைக்கலாம். பல ஆட்டோமேட்டிக் கார்களில் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் இன்ஜின் அணையும். கார் நிற்கும் அளவுக்கு மட்டும் மெதுவாக மிதித்துப் பிடித்தால் ஓடிக்கொண்டிருக்கும். நின்றபின் இன்னும் கொஞ்சம் அழுத்தினால் அணையும். என் காரில் நான் இப்படித்தான் செய்கிறேன். விளக்கு இப்போதுதான் சிவப்பாகியிருந்தால் அழுத்துவேன், இதோ பச்சை விழப்போகிறது என்று தெரிந்தால் மெதுவாகப் பிடிப்பேன். ஒரு வாரம் பழகினால் கால் தானாகச் செய்யும். உங்கள் காரில் இது வேலை செய்கிறதா என்று நாளைக்கே பார்த்துவிடலாம், காசு செலவில்லை. கியரை ‘எஸ்’ நிலைக்குத் தள்ளினாலோ ஸ்போர்ட் நிலையைத் தேர்ந்தெடுத்தாலோ ஸ்டார்ட்-ஸ்டாப் விலகிக்கொள்ளும் கார்களும் நிறைய உண்டு. ஆனால் அதில் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும்.

எவ்வளவு மிச்சமாகிறது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் முடிவெடுக்க அது வேண்டும். ஒன்றரை, இரண்டு லிட்டர் பெட்ரோல் இன்ஜின் ஏர்கானோடு சும்மா நின்று ஓடினால் மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரை குடிக்கும். தினமும் மொத்தம் 25 நிமிடம் விளக்குகளில் நிற்கிறீர்கள் என்றால், ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு லிட்டர். பெட்ரோலை லிட்டர் 3 வெள்ளி என்று வைத்தால் ஒரு வெள்ளி. நம் வெயிலில் அதில் பாதி நேரம் ஏர்கானுக்காக இன்ஜின் ஓடிவிடும் என்பதால், மாதம் பத்துப் பன்னிரண்டு வெள்ளி உண்மையில் மிஞ்சலாம். இது என் மனக்கணக்கு, யாரும் அளந்து சொன்னதல்ல. கோப்பிக்கடையில் இரண்டு வேளைச் சாப்பாட்டுக் காசு. அம்மா நிம்மதியாக உட்கார்ந்து வருவதற்கு அது பெரிய விலையா என்பது உங்கள் முடிவு. மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது பெட்ரோல் கூடுதலாகச் செலவாகிறது என்பது மட்டும் பழைய நம்பிக்கை. பத்து நொடிக்கு மேல் நிற்பதாக இருந்தால் அணைத்து எழுப்புவதுதான் சிக்கனம் என்று அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வகம் சோதித்துச் சொல்லியிருக்கிறது. ஐந்தாறு நொடி நின்று நகர்கிற நெரிசலில் அதனால் பயனில்லை.

இப்போது பேட்டரிக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் ஒரே ஒரு வரியில் வந்துபோன விஷயம் இது, எனக்கோ பட்டறையில் பாதி நாள் இதிலேயே போகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பல ஆண்டுகளாக என்னிடம் கார் விடுகிறார். உங்களைப் போலவே அவருக்கும் ஸ்டார்ட்-ஸ்டாப் பிடிக்காது. ஒரு நாள் எண்ணெய் மாற்ற வந்தவர் சிரித்துக்கொண்டே, “தம்பி, என் வண்டி இப்போது நல்ல பிள்ளையாகிவிட்டது. இரண்டு மாதமாக எந்த விளக்கிலும் அணைவதே இல்லை” என்றார். நான் சிரிக்கவில்லை. “டீச்சர், பேட்டரியைப் பார்த்துவிடலாமா?” என்று கேட்டேன். “அதெல்லாம் காலையில் ஒரே அழுத்தில் எடுக்கிறது, அடுத்த முறை பார்க்கலாம்” என்று கிளம்பிவிட்டார். மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை, தேக்கா நிலத்தடிக் கார்நிறுத்துமிடத்திலிருந்து அழைப்பு. பின்னிருக்கையில் மீனும் காய்கறியும், வண்டியில் ‘டிக் டிக்’ என்ற சத்தம் மட்டும். நான் போய் மீட்டரை வைத்தபோது 11.6 வோல்ட். நன்றாக இருக்கும் பேட்டரி, ஓய்வில் 12.6க்கு மேல் காட்ட வேண்டும்.

ஸ்டார்ட்-ஸ்டாப் தானாக வேலை செய்யாமல் போவது பெரும்பாலும் பேட்டரி கொடுக்கும் முதல் செய்தி. பேட்டரியின் எதிர்மின் (மைனஸ்) முனையில் ஒரு சின்ன உணரி இருக்கும். எவ்வளவு மின்சாரம் போகிறது, வருகிறது, பேட்டரி எவ்வளவு சூடாக இருக்கிறது என்று ஓயாமல் எண்ணிக்கொண்டே இருக்கும். அணைத்தால் மறுபடி எழுப்ப முடியுமா என்ற சந்தேகம் வந்ததும் கார் அணைவதை நிறுத்திவிடும். காலையில் ஸ்டார்ட் ஆவதற்கு அப்போதும் தெம்பு இருக்கும், ஆனால் நாள் எண்ணப்பட்டுவிட்டது. ஈய-அமில பேட்டரிக்குச் சூடுதான் எமன். பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் சொல்லும் பொதுக்கணக்கு. குளிர்நாட்டில் ஐந்தாறு ஆண்டு ஓடும் பேட்டரி நம்மூரில் இரண்டரை, மூன்று ஆண்டில் கை விரிக்கும். நிரந்தரமாக ஸ்டார்ட்-ஸ்டாப்பை எடுத்துவிட்டால் இந்த எச்சரிக்கை மணியும் சேர்ந்து போய்விடும். எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுத்தால் ஆண்டுக்கு ஒரு முறை பேட்டரியைச் சோதிக்கும் பொறுப்பு உங்களுடையது.

அதைவிட முக்கியமானது இன்னொன்று. ஸ்டார்ட்-ஸ்டாப்பை எடுத்துவிட்டேன், இனிமேல் விலை கூடிய பேட்டரி எதற்கு, சாதாரணமானதே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். தனியார் வாடகைக் கார் ஓட்டும் அண்ணன் ஒருவர் வேறு இடத்தில் அப்படித்தான் போட்டுக்கொண்டு வந்தார். எட்டே மாதம். ஏன் என்றால், ஸ்டார்ட்-ஸ்டாப் காரில் மாறியிருப்பது ஸ்டார்ட்டர் மட்டுமல்ல, பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் முறையே வேறு. பழைய காரில் ஆல்டர்னேட்டர் எப்போதும் ஏறக்குறைய 14 வோல்ட் கொடுத்து பேட்டரியை நிரப்பி வைத்திருக்கும். இந்தக் கார்களில் பேட்டரியை வேண்டுமென்றே 80 விழுக்காடு வாக்கில்தான் வைத்திருப்பார்கள். நீங்கள் காலை எடுத்து வண்டி தானாக உருளும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் இலவசமாகக் கிடைக்கும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள இடம் வேண்டும் அல்லவா? வேகம் எடுக்கும்போது ஆல்டர்னேட்டர் ஓய்வெடுக்கும், பிரேக் பிடிக்கும்போது 15 வோல்ட் வரை தள்ளும். இப்படி எப்போதும் அரைகுறையாக நிரம்பியிருந்தால் சாதாரண பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். இதைத் தாங்கத்தான் இஎஃப்பி, ஏஜிஎம் என்ற இரண்டு வகைகள் இருக்கின்றன. இஎஃப்பி என்பது திரவம் உள்ள பழைய வகையைப் பலப்படுத்தியது. ஏஜிஎம்மில் அமிலம் கண்ணாடியிழைப் பஞ்சில் ஊறியிருக்கும். ஸ்டார்ட்-ஸ்டாப் பொத்தானை அணைத்தாலும், கோடிங்கில் எடுத்தாலும், இந்த மின்னேற்ற முறை அப்படியேதான் இருக்கும். ஆகவே கம்பெனி எந்த வகையைப் போட்டிருந்ததோ அதையே போடுங்கள், அல்லது அதற்கு மேலான வகையைப் போடுங்கள், கீழே இறங்காதீர்கள். விலை ஏறத்தாழ இரண்டு மடங்கு வரும், வேறு வழியில்லை. சில ஐரோப்பியக் கார்களில் புதிய பேட்டரி போட்டதைக் கணினி வழியாகக் காருக்குச் சொல்லவும் வேண்டும். சொல்லாவிட்டால் அது கிழட்டு பேட்டரிக்கு ஏற்றுவது போலவே புதியதற்கும் ஏற்றிக்கொண்டிருக்கும். வேறு சில கார்களில் இரண்டாவதாக ஒரு குட்டி பேட்டரி ஒளிந்திருக்கும். அது போனாலும் ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாது.

சரி, நிரந்தரமாக எடுக்கும் வழிகள். மூன்று விதமாகச் செய்கிறார்கள். எனக்குப் பிடித்தது கடைசி நிலையை நினைவு வைத்துக்கொள்ளும் சின்ன இணைப்பு. டாஷ்போர்டில் இருக்கும் பொத்தானுக்கும் அதன் பிளக்குக்கும் நடுவே செருகுவது. காரை எடுத்ததும் உங்களுக்குப் பதிலாக அது பொத்தானை அழுத்திவிடும், அவ்வளவுதான். காரின் மென்பொருளைத் தொடுவதில்லை. வேண்டாம் என்றால் கழற்றிவிட்டு விற்றுவிடலாம். உங்கள் மாடலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும், இன்சுலேஷனைச் சுரண்டி முறுக்கி ஒட்டுவதாக இருந்தால் வேண்டாம். இரண்டாவது கோடிங். ஃபோக்ஸ்வேகன் குழுமக் கார்களிலும் பிஎம்டபிள்யூவிலும் இது சாதாரணம். இதிலும் இரண்டு வகை உண்டு. பொத்தானின் கடைசி நிலையை நினைவு வைத்துக்கொள்ளச் சொல்வது நேர்மையான வகை. பேட்டரி எவ்வளவு வோல்ட்டுக்குக் கீழே போனால் அணையக்கூடாது என்ற வரம்பை மிக உயர்த்தி, பேட்டரி எப்போதும் பலவீனம் என்று காரை நம்பவைப்பது இன்னொரு வகை. வேலை செய்யும், ஆனால் நாளைக்கு வேறு மெக்கானிக் பேட்டரிக் கோளாறைத் தேடி அரை நாள் வீணாக்குவார். எதைச் செய்தாலும் மாற்றுவதற்கு முன் இருந்த மதிப்பை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏஜண்டிடம் சர்வீஸுக்குப் போய் மென்பொருளைப் புதுப்பித்தால் கோடிங் பறந்துவிடலாம். 150 வெள்ளி கேட்டவரிடம் மறுமுறை இலவசமா என்று இப்போதே பேசி முடியுங்கள்.

மூன்றாவது, உங்கள் நண்பர் சொன்ன வயர். அவர் சொல்வது அநேகமாக பேட்டரி உணரியின் வயர், அல்லது பானட் மூடியிருக்கிறதா என்று பார்க்கும் சுவிட்சின் வயர். இரண்டில் எதைப் பிடுங்கினாலும் ஸ்டார்ட்-ஸ்டாப் நின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் உணரியைப் பிடுங்கினால் மேலே சொன்ன மின்னேற்றக் கணக்கெல்லாம் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கும். எச்சரிக்கை விளக்கு எரியலாம், பேட்டரி சீக்கிரம் போகும். பானட் சுவிட்சைப் பிடுங்கினால் பானட் திறந்திருக்கிறது என்று திரையில் ஓயாமல் காட்டும், திருட்டு எச்சரிக்கையும் சரியாக இயங்காது. உண்மையாகவே ஒரு நாள் பானட் சரியாக மூடாமல் விரைவுச்சாலையில் ஏறினால் யார் சொல்லப்போகிறார்கள்?

சட்டம், சோதனை, உத்தரவாதம் பற்றி. பொத்தான் கார் கம்பெனியே ஓட்டுநருக்குக் கொடுத்தது, அதை அழுத்துவதில் எந்தச் சட்டச் சிக்கலும் இல்லை. நிற்கும் வண்டியின் இன்ஜினை ஓடவிடுவது குற்றம் என்று தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் விதி இருக்கிறதே என்று பயந்திருக்கிறீர்கள். அது போக்குவரத்து நிலைமை அல்லாத வேறு காரணத்துக்காக நிற்கும்போதுதான். சிவப்பு விளக்கு அதில் வராது. பள்ளி வாசலில் பிள்ளைக்காக ஏர்கான் போட்டுக்கொண்டு காத்திருப்பது வரும். நிலப் போக்குவரத்து ஆணையம் மாற்றங்களை அனுமதி தேவையில்லாதவை, தேவைப்படுபவை, கூடவே கூடாதவை என்று பிரித்து தன் ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் வைத்திருக்கிறது. கோடிங் செய்வதற்கு முன் அதைப் படித்து, உங்கள் மாற்றத்தைப் பெயர் சொல்லி ஆணையத்திடமே எழுதிக் கேளுங்கள். கடைக்காரர் வாய்மொழியைவிட அவர்கள் எழுத்து உங்களைக் காக்கும். கட்டாயச் சோதனை உங்களுக்குக் கார் மூன்று ஆண்டு ஆகும்போதுதான் தொடங்கும், பத்து ஆண்டுவரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. அங்கே புகையளவை எடுப்பது இன்ஜின் ஓடும்போதுதான்.

உத்தரவாதத்தைப் பொறுத்தவரை, வெளிப்பட்டறையில் சர்வீஸ் செய்தாலே உத்தரவாதம் போய்விடும் என்ற பழைய மிரட்டல் இப்போது செல்லாது. 2017இல் போட்டித்தன்மை ஆணையம் விசாரித்தபின் கார் விற்பனையாளர்கள் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஆனால் நீங்கள் செய்த மாற்றத்தால்தான் கோளாறு என்று காட்ட முடிந்தால் அந்தப் பழுதுக்கு அவர்கள் மறுக்கலாம். கோடிங் மாற்றியது அவர்கள் கணினியில் தெரியும். உங்களுக்கு இன்னும் உத்தரவாதக் காலம் இருக்கிறது. அது முடியும்வரை பொத்தானும் பிரேக் பழக்கமும் போதும் என்பதுதான் என் கருத்து. பொறுக்க முடியாவிட்டால் செருகும் இணைப்பு.

ஒரு எச்சரிக்கை, இது நான் நேரில் பார்த்தது. ஸ்டார்ட்-ஸ்டாப்பில் அணைந்த காரை முழுதாக அணைந்துவிட்டதாக நினைத்து, கியரை ‘டி’யிலேயே விட்டு, கதவைத் திறந்து இறங்கப் போனார் ஒருவர், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிக் கார்நிறுத்துமிடத்தின் சரிவில். அவர் இருக்கைப் பட்டையைக் கழற்றியதும் கார் எழுந்துகொண்டது. சில கார்கள் எழும், சில கார்கள் முழுதாக அணைந்துவிடும், சில கத்தும். பக்கத்துச் சுவரில் கண்ணாடி உரசியதோடு போயிற்று. அம்மாவும் உங்கள் காரை ஓட்டுவார் என்றால் இதை அவரிடம் சொல்லிவையுங்கள். மலேசியாவின் ஜோகூருக்குப் போகும்போது உட்லண்ட்ஸ் கடற்பாலத்து வரிசையில் நான் கண்டிப்பாகப் பொத்தானை அழுத்திவிடுவேன். இரண்டு அடி நகர்வதற்கு ஒரு முறை இன்ஜின் எழுந்து படுத்தால் பெட்ரோலும் மிஞ்சாது, பின்னால் வருபவர் பொறுமையும் மிஞ்சாது. வலப்பக்கம் திரும்பக் காத்திருக்கும்போதும் அப்படியே. எதிரே வரும் வண்டிகளுக்கு நடுவே இடைவெளி கிடைக்கும் அந்த அரை நொடியில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

நேரம் கிடைக்கும்போது பானட்டைத் திறந்து, பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். ஏஜிஎம், இஎஃப்பி என்று இருக்கிறதா, அல்லது ஜப்பானியக் கார் என்றால் கியூ-85, எம்-42 மாதிரி குறியீடு இருக்கிறதா, எந்த மாதம் போட்டது என்று தேதி இருக்கிறதா? பானட்டுக்குள் பேட்டரியே இல்லாவிட்டால் பின்பெட்டியின் அடித்தட்டைத் தூக்குங்கள், அல்லது இருக்கைக்குக் கீழே பாருங்கள். அதையும் காரின் மாடலையும் இங்கே எழுதினால், பொத்தானுக்குச் செருகும் இணைப்பு உங்கள் வண்டிக்கு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.